இங்கிலாந்துத் திருமணத்துக்குத் தலையில் என்ன: தொப்பியா, ஃபாசினேட்டரா, ஹேர்பேண்டா, வெறுந்தலையா?

அலுவலகத் தோழியின் திருமணம், தேவாலயத்தில், பகல் 1 மணிக்கு. உடையும் செருப்பும் எடுத்தாகிவிட்டது. தலைக்கு என்ன? பிரிட்டனில் குடியிருக்கும் தமிழ்ப் பெண்களும், அந்த ஒரு வாரத்துக்கென்று ஊரிலிருந்து போகிறவர்களும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது: "இந்த ஃபாசினேட்டரை எல்லாம் இப்பவும் யாராவது வைக்கிறாங்களா?"

வைக்கிறார்கள். ஆனால் 2011-இல் வைத்த மாதிரியை இப்போது வைப்பதில்லை. அப்போது வைத்துப்போன எல்லா இடங்களுக்கும் இப்போது வைத்துப்போவதும் இல்லை. மாதிரி ஒரு கேள்வி, இடம் இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருத்தி "அது பழசாப் போச்சு" என்கிறாள், இன்னொருத்தி "வைக்காம எப்படிப் போறது" என்கிறாள்.

ஃபாசினேட்டர் என்பது தொப்பி இல்லை. தலையை மூடாமல் ஒரு பக்கமாகச் செருகி நிற்கும் இறகு, வலை, பூ, நார்ச்சுருள் சேர்ந்த அலங்காரம். 19-ஆம் நூற்றாண்டில் இதே பெயரில் இருந்தது லேஸிலோ கம்பளி நூலிலோ பின்னிய மெல்லிய தலைச்சால்வை. அதற்கும் இன்றைய இறகுக்கொத்துக்கும் பெயர் மட்டும்தான் உறவு. இப்போதுள்ள உருவம் 1990-களுக்குப் பிறகு பரவியது. ஃபிலிப் ட்ரீசி, ஸ்டீஃபன் ஜோன்ஸ் போன்ற தொப்பிக் கலைஞர்கள் அதற்கு மதிப்புத் தேடித்தந்தார்கள். பிறகு பெரிய கடைகள் மலிவு விலையில் குவித்து அந்த மதிப்பைக் கரைத்தன.

உச்சம் 2011 ஏப்ரல் 29, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இளவரசர் வில்லியம் திருமணம். இளவரசி பியாட்ரிஸ் வைத்திருந்த, ஃபிலிப் ட்ரீசி செய்த வளைவுத் தலையணிக்கு உலகமே சிரித்தது. அடுத்த மாதமே இபே ஏலத்தில் அது 81,100 பவுண்டுக்குப் போய், பணம் குழந்தைகள் நல அமைப்புகளுக்குச் சேர்ந்தது. அதே திருமணத்துக்கு அன்றைய பிரதமரின் மனைவி சமந்தா கேமரூன் தொப்பியே இல்லாமல் வந்தார். நாளிதழ்கள் கொஞ்ச நாள் பேசின, அவ்வளவுதான். அரச குடும்பத் திருமணத்திலேயே வெறுந்தலை ஒரு பேச்சோடு முடிந்தது என்றால், உங்கள் தோழியின் ஊர்த் தேவாலயத்தில் யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. அந்த அச்சத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

அடுத்த வருடமே காற்று திசை மாறியது. 2012-இல் ராயல் ஆஸ்கட் குதிரைப் பந்தயம் தன் உடை விதிகளை இறுக்கி, ராயல் என்க்ளோஷர் பகுதிக்குள் ஃபாசினேட்டர் கூடாது என்றது. தொப்பி வேண்டும், இல்லையென்றால் அடித்தட்டு குறைந்தது 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. உள்ள தலையணி வேண்டும். பந்தயத் திடல் விதி திருமணத்தைக் கட்டாது. ஆனாலும் எது சம்பிரதாய உடை, எது ஒப்புக்குச் செருகியது என்று பிரிக்க அந்த 10 செ.மீ. அளவு நல்ல கோடு. அதற்குக் கீழே உள்ளவை, அதாவது சீப்பிலோ கிளிப்பிலோ ஒட்டிய இறகுக்கொத்துகள், இன்று பழையதாகத் தெரிகின்றன. அதற்கு மேலே உள்ள தட்டு வடிவங்களும், பக்கத்தில் புதிதாக வந்து உட்கார்ந்துகொண்ட பட்டை வடிவங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அழைப்பிதழைப் படிப்பது

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் வைக்க வேண்டுமா என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பதில் அழைப்பிதழில் இருக்கும்: இடம், நேரம், ஆண்களின் உடை என்ற மூன்று வரிகள்.

ஆண்கள் உடையை வைத்துப் பெண்கள் தலையை முடிவு செய்வது வேடிக்கையாகத் தோன்றலாம். பிரிட்டனில் அதுதான் வழக்கம். "மார்னிங் டிரெஸ்" அல்லது "மார்னிங் கோட்" என்றிருந்தால் வால்கோட்டு. பெண்களுக்குத் தொப்பியோ பெரிய தட்டோ எதிர்பார்ப்பார்கள். 2018 மே மாதம் வின்சரில் நடந்த இளவரசர் ஹாரி திருமண அழைப்பில் பெண்களுக்கு "தொப்பியுடன் பகல் உடை" என்று வெளிப்படையாகவே அச்சிட்டிருந்தார்கள். "லவுஞ்ச் சூட்" என்றால் சாதாரண கோட்டு சூட்டு. தலையணி உங்கள் விருப்பம். பெரும்பாலான திருமணங்கள் இந்தக் கட்டத்தில்தான் வரும், தடுமாற்றமும் இங்கேதான். "பிளாக் டை", "காக்டெய்ல்" என்றால் அது மாலை உடை, தலையில் எதுவும் வேண்டாம்.

மாலை 6 மணிக்கு மேல் தொப்பி இல்லை என்பது பழைய விதி. அதன் வேரும் சட்டத்தோடு கொஞ்சம் பின்னியிருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸில் காலை 8 முதல் மாலை 6 வரைதான் திருமணம் நடத்தலாம் என்று நெடுங்காலம் இருந்தது. அந்த நேரக் கட்டுப்பாட்டை 2012 அக்டோபரில்தான் சட்டம் எடுத்தது. ஆகவே திருமணம் என்றாலே பகல், பகல் என்றால் தொப்பி. கூடவே தேவாலயத்தில் பெண்கள் தலையை மூடும் வழக்கமும் இருந்தது. கத்தோலிக்கரின் 1917 திருச்சபைச் சட்டம் அதை எழுதியே வைத்திருந்தது. 1983 சட்டத்தில் அது இல்லை. ஆக இன்று எந்தத் தேவாலய வாசலிலும் தலை மூடவில்லை என்று யாரும் நிறுத்த மாட்டார்கள்.

ஆனால் தொப்பியை உண்மையில் குறைத்தது விதி தளர்ந்தது அல்ல, இடம் மாறியது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 1995 முதல், உரிமம் பெற்ற ஓட்டல்களிலும் பழைய மாளிகைகளிலும் பதிவுத் திருமணம் நடத்தலாம் என்றானது. வைக்கோல் கொட்டகையைப் புதுப்பித்த "பார்ன்" மண்டபங்களும் பின்னாலேயே வந்தன. இங்கிலாந்து, வேல்ஸில் 2019-இல் ஆண்-பெண் திருமணங்களில் மதச்சடங்கோடு நடந்தவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. கூரையில் மின்விளக்குச் சரம் தொங்கும் கொட்டகையில் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது 40 செ.மீ. விளிம்புத் தொப்பி வேறு எங்கோ போகக் கிளம்பி வழிதவறி வந்ததுபோல் இருக்கும்.

அழைப்பிதழில் இன்னொன்றும் பாருங்கள். நீங்கள் பகல் விருந்தாளியா, மாலை விருந்தாளியா? அங்கே இரண்டுக்கும் தனித்தனி அழைப்பு அனுப்புவார்கள். உடன் வேலை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் மாலை அழைப்புதான் வரும்: இரவு 7 அல்லது 7.30-க்கு, கேக்கும் நடனமும். அதற்கு ஃபாசினேட்டர் வைத்துப் போனால், பகலிலிருந்து இருக்கிறவர்கள் கழற்றி மேசையில் போட்ட நேரத்தில் நீங்கள் வைத்துக்கொண்டு நுழைவீர்கள். மாலை மட்டும் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு நல்ல கம்மல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சீப்பிலும் கிளிப்பிலும் வரும் சின்ன இறகுக்கொத்து

விலை குறைவு; கடைத்தெருவில் 15 முதல் 30 பவுண்டுக்குள் கிடைக்கும். எடை இல்லை. கைப்பையில் போகும். இவ்வளவு நல்ல குணம் இருந்தும் இதை வேண்டாம் என்றுதான் சொல்வோம். காரணம் பழசு என்பது மட்டும் இல்லை. சின்னக் கொத்துக்கு அடித்தட்டு கிடையாது, அதனால் அது முடியைத்தான் நம்பி நிற்கிறது. நம் முடி பெரும்பாலும் கனமானது, வழுக்கும். எண்ணெய் தேய்த்துப் பழகிய தலையில் சீப்பு ஒரு மணி நேரத்தில் காதுக்கு மேலே இறங்கிவிடும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, அதைத்தான் வைக்கப்போகிறேன் என்றால் நிற்க வைக்கும் முறை இது. முதல் நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், உச்சியில் கண்டிஷனரும் வேண்டாம். வலப்புருவத்தின் வெளிமுனைக்கு நேர் மேலே, முடி தொடங்கும் இடத்திலிருந்து 5 செ.மீ. பின்னால், 3 செ.மீ. அகலத்துக்கு முடியைப் பிரித்து, வேர்ப்பக்கம் எதிர்வாட்டில் சீவிச் சிக்காக்கி ஸ்பிரே அடியுங்கள். அந்தச் சிக்கின் மேல் இரண்டு பாபி பின்களைப் பெருக்கல் குறிபோலக் குத்துங்கள். சீப்பைத் தலைகீழாகப் பிடித்து, பற்களின் நுனியில் கொஞ்சம் முடியைக் கோத்துக்கொண்டு, பிறகு புரட்டி அந்தப் பின்களுக்கு அடியில் தள்ளுங்கள். நேராகச் செருகினால் பற்கள் முடியின் போக்கிலேயே வழுக்கும். புரட்டிச் செருகினால் கோத்த முடியே கொக்கியாகும். குனிந்து செருப்பு வாரைக் கட்டிப் பாருங்கள். அப்போது அசையவில்லை என்றால் நடனம் வரை அசையாது.

வலப்பக்கம் ஏன் என்றால் பெண்களின் தலையணி வலப்பக்கம் சாய்வது அங்கே மரபு. இடப்பக்கம் வைத்தால் குற்றமில்லை. ஆனால் வகிடு எந்தப் பக்கம் என்று பாருங்கள்: முடி குவிந்திருக்கும் பக்கத்தில் வைத்தால் அடியில் பிடிப்பு இருக்கும், வகிட்டு ஓரத்தில் வைத்தால் சீப்பு மண்டைத்தோலில் குத்தும்.

தட்டு: இன்னும் முதலிடம்

அகலமான வட்டத் தட்டு, அதன் மேல் ஒரு சுருளோ பூவோ இரண்டு மூன்று இறகோ, நெற்றிப்பக்கம் சாய்ந்து நிற்பது. கடைக்காரர்கள் சாஸர், டிஸ்க், ஹாட்டினேட்டர் என்று பல பெயரில் விற்பார்கள். 25 முதல் 35 செ.மீ. விட்டம். 2024 ஜூன் 7 அன்று செஸ்டர் கதீட்ரலில் நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் திருமணத்தில் உள்ளே போன பெண்களின் தலைகளைப் பார்த்தவர்களுக்குத் தலையணி செத்துவிட்டது என்று சொல்ல வாய் வராது. தேவாலயம், பகல், வால்கோட்டு என்ற மூன்றும் சேர்ந்தால் இதுதான் பாதுகாப்பான தேர்வு. தொப்பியின் மரியாதை கிடைக்கும், தொப்பியின் தலைமுடி நசுங்கல் கிடைக்காது.

பெரும்பாலும் சினமே என்ற துணியில் செய்வார்கள். பிலிப்பைன்ஸில் அபாகா என்ற வாழை இனத்து நாரில் நெய்வது அது; அனகாபுத்தூரில் வாழைநார் சேர்த்து நெய்யும் சேலைக்கு ஒருவகையில் அக்காள் முறை. கஞ்சி போட்ட வலைபோல விறைப்பாக இருக்கும். ஈரமாக்கி, குறுக்குவாட்டில் இரண்டு மூன்று அடுக்காக மர அச்சின் மேல் இழுத்துக் குத்தி, காயவிட்டு உருவம் எடுப்பார்கள். ஈரத்தில் எடுத்த உருவம் ஈரத்திலேயே போகும். ஜூலை மழை பத்து நிமிடம் நேராக விழுந்தால் விளிம்பு அப்பளம் நனைந்ததுபோல் தொய்ந்துவிடும். நனைந்தால் துடைக்கவோ ஹேர்டிரையரைக் கிட்டே கொண்டுபோகவோ கூடாது. கவிழ்த்த கிண்ணத்தின் மேல் வைத்து, விளிம்பைக் கையால் பழைய வளைவுக்குத் தள்ளிவிட்டுத் தானாகக் காயவிட வேண்டும். சாயம் போட்ட இறகு இருந்தால் கூடுதல் கவனம், அடர் சிவப்பும் நீலமும் சொட்டினால் வெளிர் உடை அவ்வளவுதான்.

வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கடையின் மறுபக்கம் தெளிவாகத் தெரிந்தால் ஒற்றை அடுக்கு, ஒரு பருவம்கூட நிற்காது. விளிம்பு அதே துணியால் உருட்டித் தைத்திருக்கிறதா, ரிப்பனை ஒட்டியிருக்கிறார்களா? அடிப்பக்கத்தில் இறகின் காம்புகள் நூலால் தைத்திருக்கின்றனவா, சூட்டுப்பசையின் பளபளக்கும் கட்டி தெரிகிறதா? வெயிலில் நிறுத்திய காரின் பின்கண்ணாடி அடியில் இரண்டு மணி நேரம் கிடந்தால் அந்தப் பசை இளகும். திருமண நாளன்று பார்க்கிங்கில் பூ தனியாகவும் தட்டு தனியாகவும் கையில் வருவது இதனால்தான்.

தட்டை நிறுத்துவது எலாஸ்டிக்கோ, மெல்லிய உலோகப் பட்டையோ. எலாஸ்டிக்கைத் தாடைக்கு அடியில் போடுவதாக நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. அது பிறந்தநாள் கூம்புத் தொப்பி. இங்கே காதுக்குப் பின்னால் போய், முடிக்கு அடியில், பின்மண்டை மேட்டுக்குக் கீழே உட்கார வேண்டும். மேட்டுக்கு மேலே இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலேறும். கடையில் வருவது பெரும்பாலும் வெள்ளையோ கண்ணாடி நிறமோதான். கருங்கூந்தலுக்குக் கறுப்பு எலாஸ்டிக் வாங்கி மாற்றித் தைத்துக்கொள்ளுங்கள், சில்லறைக் காசு செலவு. இரு பக்கமும் தைக்கும் இடம் காதுக்கு நேர் மேலே வரட்டும். முன்னால் தள்ளித் தைத்தால் தட்டின் பின்விளிம்பு தூக்கும். பின்னால் தைத்தால் முன்விளிம்பு எழுந்து, கும்பிடு போடும் கைபோல் நிற்கும். தளர்த்தி சரியா என்று பார்க்க, கழுத்துக்கும் எலாஸ்டிக்குக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் சாப்பாடு வருவதற்குள் தலைவலி வரும்.

நீளக் கூந்தலுக்கு இங்கே ஒரு நன்மை இருக்கிறது. தாழ்வான பின்கொண்டை போட்டால் எலாஸ்டிக் அதன் அடியில் ஒளிந்துகொள்ளும், முன்னால் சாயும் தட்டின் எடைக்குப் பின்னால் சமனும் கிடைக்கும். உயரக் கொண்டை வேண்டவே வேண்டாம். தட்டை அது முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும்.

தட்டோடு காரில் போவது தனிக்கலை. தலைக்குப் பின்னால் உள்ள மெத்தையில் சாய முடியாது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போய், இறங்கியதும் கார்க் கண்ணாடியில் பார்த்து வைத்துக்கொள்வதே நல்லது. வாழ்த்தும்போது கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள். இருவருமே வலப்பக்கம் சாய்த்திருந்தால் விளிம்போடு விளிம்பு மோதும், இறகு எதிராளியின் கண்ணில் போகும். கையைப் பிடித்துக்கொண்டு இடக்கன்னத்தை நீட்டிவிடுங்கள்.

பட்டை, அதாவது ஹேர்பேண்ட்

கடந்த சில வருடங்களில் ஃபாசினேட்டரின் இடத்தைப் பிடித்தது இதுதான். 2018 ஜூலையில் மகன் இளவரசர் லூயிஸின் ஞானஸ்நானத்துக்கு வில்லியமின் மனைவி கேத்தரின் தடித்த வெள்ளைப் பட்டை வைத்து வந்தார். அதற்குப் பிறகு வெல்வெட், சாட்டின், முத்துப் பதித்தது என்று தெருவெங்கும் பட்டை. 2023 மே 6 முடிசூட்டு விழாவில் அவர் கிரீடம் வைக்காமல், வெள்ளி நூலும் கிரிஸ்டலும் கொண்ட இலைவேலைத் தலையணி வைத்தார்.

லவுஞ்ச் சூட், ஓட்டல், கொட்டகை, பதிவு அலுவலகம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தேவாலயத்திலும் குறையாகத் தெரியாது. பின்வரிசைக்காரரின் பார்வையை மறைக்காது. காற்றில் பறக்காது. மாலையில் கழற்றாமலே நடனமாடலாம். திருமணம் முடிந்த பிறகு வேறு எங்காவது வைத்துக்கொண்டு போகக்கூடியதும் இது ஒன்றுதான். 20 முதல் 60 பவுண்டு வரை நல்லதாகக் கிடைக்கும். முதல்முறை போகிறவர், ஒன்றே ஒன்று வாங்கப்போகிறவர் என்றால் எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

குறை ஒன்றுண்டு: வலி. பட்டையின் இரு முனையும் காதுக்குப் பின்னுள்ள எலும்பை அழுத்தும். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடிக் கம்பியும் அதே இடத்தில் உட்காருவதால் இரண்டு மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலியில் தெறிக்கும். வாங்கி வந்ததும் புத்தகங்களை அடுக்கி, உங்கள் தலையைவிட 2 செ.மீ. அகலமாக வைத்து, அதன் மேல் பட்டையை இரண்டு இரவு மாட்டி வையுங்கள். உலோகப் பட்டை விரிந்து கொடுக்கும். பிளாஸ்டிக் பட்டையில் இது நடக்காது, உடையும். கண்ணாடி போடுகிறவர் முதலில் பட்டையைப் போட்டு, முனைகளை ஒரு விரல் பின்னால் தள்ளி, பிறகு கண்ணாடியைப் போட வேண்டும்.

உயரத்தைக் கவனியுங்கள். 3 முதல் 4 செ.மீ. உயரமுள்ள பட்டை முகத்தை நீட்டிக் காட்டும். 6 செ.மீ. தாண்டினால் மணப்பெண்ணின் கிரீடத்தோடு போட்டியாகிவிடும். முத்தும் வெள்ளையும் கலந்த பட்டை மணப்பெண்ணுடைய பொருள்போலவே தோன்றும், நிறத்தில் போய்விடுங்கள்.

முக்காடு போடும் பெண்களுக்கும் பட்டை ஒத்துவரும். பட்டுத் துணியின் மேல் வழுக்கும் என்பதால் அடியில் பருத்தித் தொப்பி போட்டு, பட்டையின் இரு முனையையும் துணியோடு சேர்த்துச் சின்னப் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முழுத் தொப்பி

அழைப்பிதழில் தொப்பி என்றே போட்டிருந்தால், அல்லது நீங்கள் மணமக்களுக்கு அம்மா முறை, அத்தை முறை என்றால் மட்டும். மற்றவர்கள் இதில் இறங்கத் தேவையில்லை. மணப்பெண்ணின் தாயைவிடப் பெரிய விளிம்பு வைக்கக் கூடாது என்பது எழுதாத விதி. அவர் தொப்பியைக் கழற்றும்வரை மற்றவர்கள் கழற்றக் கூடாது என்பது இன்னொன்று. அவர் கழற்றுவது பெரும்பாலும் விருந்துச் சாப்பாடு முடிந்த பிறகு. அதற்குள் தலைமுடி தொப்பியின் அச்சிலேயே படிந்திருக்கும். கழற்றியபின் எப்படி இருப்பீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் தொப்பி வாங்க வேண்டும்.

அளவெடுக்க, நெற்றி நடுவிலும் காதுக்கு 1 செ.மீ. மேலேயும் போகும்படி நாடாவைச் சுற்றுங்கள். கடையில் தொங்குபவை பெரும்பாலும் 57 செ.மீ. கொண்டை போட்ட அடர்த்தியான கூந்தலுக்கு 58, 59 தேவைப்படும். தலைமுடியைத் திருமணத்தன்று போடும் விதத்திலேயே போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். சற்றே பெரிதாக இருந்தால் உள்பட்டைக்குள் பஞ்சுப் பட்டை வைக்கலாம். சிறிதாக இருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. விளிம்பு தோளின் அகலத்தைத் தாண்டக் கூடாது. குள்ளமானவர் அகல விளிம்பு வைத்தால் குடைக்காளான்தான். கோடைக்கு வைக்கோலும் சினமேயும், குளிர்காலத்துக்கு ஃபெல்ட். ஜூன் மாதத் திருமணத்தில் ஃபெல்ட் தொப்பி வைப்பது, சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டதுபோல.

படம் எடுக்கும்போது விளிம்பின் நிழல் கண்ணில் விழும். முகவாயைத் தூக்காமல், தொப்பியை இரண்டு விரல் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கினால் தொப்பிக் கலைஞரிடம் 150, 200 பவுண்டில்தான் தொடங்கும். வாடகை மலிவு: பொதுவாக 25 முதல் 60 பவுண்டுக்கு மூன்று நான்கு நாள், கூடவே முன்பணம். ஒரு நாள் வேலைக்கு வாடகைதான் சரி. லூட்டன் பக்கம் இருக்கிறவர்கள் உள்ளூர்ப் பட்டறைகளை விசாரிக்கலாம். தொப்பித் தொழிலால் வளர்ந்த ஊர் அது, கால்பந்து அணியின் பட்டப்பெயரே "தொப்பிக்காரர்கள்". வாடகைக்கு எடுப்பவர் பெட்டியைத் திறந்ததும் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முறிந்த இறகுக்கும் மேக்கப் கறைக்கும் முன்பணத்தில் கழிப்பார்கள். நெற்றிப்பட்டையில் ஃபவுண்டேஷன் ஒட்டாமலிருக்க, உள்பக்கம் மெல்லிய டேப் ஒன்றை ஒட்டிவிட்டு, திருப்பித் தரும்போது உரித்துவிடுங்கள்.

சேலையில் போகிறவர்கள்

ஆங்கிலத் திருமணத்துக்குச் சேலை கட்டிப்போவது தவறே இல்லை, பல மணமக்கள் கேட்டு வாங்கிக் கட்டச்சொல்வார்கள். அதன் மேல் ஃபாசினேட்டர் வேண்டுமா? வேண்டாம். ஃபாசினேட்டர் எளிய பகல் உடையின் மேல் ஒரு புள்ளி வைப்பதற்காகப் பிறந்தது. ஜரிகையும் கரையும் முந்தானையும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் இறகும் சேர்ந்தால் சந்தைக்கடை. முந்தானையைத் தோளில் சரிசெய்யக் கை போகும்போதெல்லாம் இறகில் தட்டும் என்பது கூடுதல் தொல்லை.

சேலைக்குத் தலையணி பூதான். ஒரு முழம் மல்லிகை போதும். மூடிய தேவாலயத்தில் மூன்று முழத்தின் வாசம் பக்கத்து வரிசையைத் தும்மவைக்கும். லண்டனில் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் தமிழ்க் கடைகளில் சொல்லிவைத்து வாங்கலாம். ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, கிளம்பும்போது வையுங்கள். வெள்ளை, சந்தனம், வெளிர் தங்கம் ஆகிய நிறச் சேலைகளைத் தவிர்க்க வேண்டும். நமக்குச் சந்தன நிறம் வேறு, வெள்ளை வேறு. அங்கே இரண்டும் மணப்பெண்ணின் நிறம்.

எல்லாரும் தலையணி வையுங்கள் என்று மணமக்களே சொல்லியிருந்தால், கரையின் நிறத்தில் இறகில்லாத வெல்வெட் பட்டை. நெற்றிச்சுட்டியை வீட்டில் விட்டுவிடுங்கள். ஜிமிக்கி இருக்கட்டும், ஆனால் மாட்டல் வேண்டாம். பட்டையின் முனையில் சிக்கி, கழற்றும்போது காதோடு இழுக்கும்.

வெறுந்தலை

மாலை அழைப்பு, பதிவு அலுவலகம், கடற்கரை, தோட்டத்தில் நடக்கும் சாதாரண விருந்து, பலத்த காற்று என்று வானிலை சொன்ன நாள், கைக்குழந்தையோடு போகும் நாள்: இந்த ஆறிலும் வெறுந்தலைதான் சிறந்தது. குழந்தையின் கை முதலில் போவது இறகுக்குத்தான். கல் பதித்த ஒரு கொண்டை ஊசியோ பக்கக் கிளிப்போ வைத்தால் தலை அலங்காரம் முடிந்தது.

இன்னும் தடுமாற்றம் என்றால் மணப்பெண்ணின் அம்மாவையோ தோழிகளையோ கேட்பதில் கூச்சம் வேண்டாம். "நீங்கள் தலைக்கு என்ன வைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், "நான் வைக்க வேண்டுமா?" என்று கேட்டால் மரியாதைக்காக "உங்கள் விருப்பம்" என்பார்கள், நீங்கள் தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள்.

எதை எடுத்தாலும் திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு, அதே உடை, அதே கொண்டை, அதே கம்மலோடு வீட்டில் ஒரு மணி நேரம் வைத்திருந்து பாருங்கள். வலி 40 நிமிடத்துக்குப் பிறகுதான் தெரியும், கடைக் கண்ணாடி முன் இரண்டு நிமிடத்தில் தெரியாது. கைப்பையில் ஆறு பாபி பின், கறுப்பு நூல் கோத்த ஊசி ஒன்று, 40 செ.மீ. கறுப்பு எலாஸ்டிக், மடக்கும் குடை. தொப்பியோ தட்டோ விமானத்தில் போகிறதென்றால் பெட்டிக்குள் விளிம்பு அடியில் படாமல், உச்சி கீழே வரும்படி வைத்து, உச்சிக்குள்ளும் சுற்றியும் டிஷ்யூ தாளைத் திணியுங்கள். சுற்றிவைக்கச் சேலையைப் பயன்படுத்தினால் ஜரிகை இறகில் மாட்டும். நசுங்கி வந்த இறகைக் கெட்டில் ஆவியில் ஓர் அடி தள்ளிப் பத்து விநாடி காட்டி, காம்பிலிருந்து நுனிவரை விரலால் நீவிவிட்டால் எழுந்துகொள்ளும். சினமேயை மட்டும் அந்த ஆவிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.